கானைப் பார்க்கும் சேவை

றுஸ்தாவுக்கு இன்னும் தேவைப்பட்டது ஆறே ஆறு மணித்தியாலம். முந்நூறு மணித்தியாலம் இளைஞர் சேவை செய்த சான்றிதழ் இருந்தால்தான் நாளைக்குப் பாலர் பாடசாலை ஆசிரியர் நேர்முகத்தேர்வில் உட்காரக் கதிரையே கொடுப்பார்கள். போன வருஷம் அது இல்லாமல் வாசலோடு திரும்பி வந்து அழுதவள் அவள்.

கல்முனையில் சேவை அலுவலகத்துக்கு முன்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான் அடைத்துக் கிடந்தது. காலை ஒன்பது மணிக்கு மண்வெட்டியோடு இறங்கப்போனாள். பொறுப்பதிகாரி நளீம் விதிப்புத்தகத்தோடு ஓடிவந்தார்.

“வெய்யி புள்ள மண்வெட்டிய! சம்பளத்துக்கு ஆள் வெச்சிச் செய்யிற வேலைய நம்மட புள்ளைகள் செய்யப்படா. இது கான் தொழிலாளிட வேல.”

“அந்த ஆள் எங்க சேர்?”

“ஆள் இல்ல. பதினொரு வருஷமா வெற்றிடம். ஆனா பதவி இரிக்கிதானே!”

யா அல்லாஹ், இந்த மனுஷனோடு என்னத்தைக் கதைக்கிறது! முற்றம் கூட்டவும் பதவி இருந்தது, பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றவும் பதவி இருந்தது, ஆள்தான் எதற்கும் இல்லை. கடைசியில், கானைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அரசாங்கம் பதவி உண்டாக்க மறந்துபோனதை நளீம் கண்டுபிடித்தார். பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டு, ‘கான் அவதானிப்பு, ஆறு மணித்தியாலம்’ என்று படிவத்தில் எழுதினார்.

றுஸ்தா குடையோடு குந்திப் பார்த்தாள். பத்து மணிக்கு மழை பிடித்தது. கானின் வாயில் யாரோ குடித்துவிட்டு எறிந்த ஒரேயொரு இளநீர்க் கோம்பை இறுகிக் கிடந்தது, அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. கை துருதுருத்தது. தொட்டால் சேவை செல்லாது என்று கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். இரண்டரைக்குத் தண்ணீர் அலுவலகத்துக்குள் போய்விட்டது.

நளீம் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, பைல்களைத் தலையில் வைத்தபடி வந்தார். “கோம்பைய இழுத்து எறி புள்ள! எல்லாம் நனையிது!”

“செய்யப்படா சேர். சேவை முடிய இன்னும் அரை மணித்தியாலம் இரிக்கி.”

அவர் வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். அங்கேயே நின்று ஆறு மணித்தியாலத்துக்கும் கையெழுத்துப் போட்டு, சான்றிதழில் முத்திரை குத்தி நீட்டினார்.

றுஸ்தா அதைப் பையில் பத்திரப்படுத்தினாள். “இப்ப நான் உங்கட சேவையில இல்லதானே?”

“இல்ல, இல்ல! இழு புள்ள!”

குனிந்து ஒரே இழுவை. தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

“கோம்பைய ரோட்டுல போட்றாத, அத அள்ளவும் பதவி இரிக்கி!” என்று கத்தினார் நளீம்.

றுஸ்தா கோம்பையைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்தாள். “அப்ப நீங்க இதப் பாத்துட்டு இரிங்க சேர். அதுக்குப் பதவி இல்ல.”

அவள் ஊருக்குப் போகும் நிந்தவூர் பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.