நாட்டார் கையால் உப்பு

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு ரோட்டோர மரங்களை வெட்டிப் போட்டதில் சின்னசேலத்தில் பஸ் நின்றுபோனபோது, ஏதோ புது வித்தையைக் கண்டதுபோல வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். கும்பினிக்காரன் காலத்திலேயே கல்வராயன் மலையில் பொன்னுரங்கம் நாட்டார் செய்த வேலைதான் அது.

மலையை ஆண்டவர் அவர். வரி கேட்டு வந்த கும்பினி ஆளிடம், “மல எங்க சாமி குடுத்தது, நீ யாருடா?” என்று கேட்டுத் துரத்திவிட்டு, ஏறும் பாதை நெடுக மரங்களைச் சாய்த்துப் போட்டார். இரண்டு தடவை வந்த சிப்பாய்கள் மேலிருந்து உருண்ட பாறைகளுக்குப் பயந்து ஓடினார்கள். மூன்றாம் தடவை ஏறவே இல்லை. அடிவாரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, ஒரு மூட்டை உப்புகூட மேலே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். சாமை மலையில் விளையும், தேன் கிடைக்கும்; உப்பு மட்டும் கீழேயிருந்துதான் வர வேண்டும். பாவிகள் சரியான இடமாகப் பார்த்துக் கையை வைத்தார்கள்.

மாடுகள் மனிதர்களின் வேர்வை முதுகை நக்கத் தொடங்கின. நாட்டாரின் மெய்க்காவல்காரன் செல்லமுத்துவின் வீட்டில் அவன் பெண்டாட்டி தைலம்மாள் பச்சை உடம்புக்காரி. உப்பில்லாத கூழ் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. பால் வற்றிவிட்டது. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

“நாட்டாராண்ட கேளுய்யா. எங்கனா ஒரு கை வச்சிருப்பாரு.”

“அவரு வூட்லயும் இல்லடி. நான் பாக்காததா?”

ஆடித் திருவிழா வந்தது. அன்றைக்கு நாட்டார் வீட்டுக்கு ஒருவராக அழைத்து வலது கையில் ஒரு பிடி உப்பு வைப்பது மலை வழக்கம். வாங்கிய வீடு அந்த வருஷம் முழுக்க அவருக்குக் கட்டுப்பட்டது. அவருக்குத் துரோகம் செய்தால் குலம் அழியும். இந்த வருஷம் வைக்க என்ன இருக்கிறது? மண்ணையாவது வையுங்கள் என்று பெரியவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள்.

நாட்டார் வெறுங்கையை விரித்துக் காட்டினார். “சாமி எதிர்ல பொய் பண்ண மாட்டேன். உப்பு குடுக்காதவன் கட்டுப்பாடு கேக்கக் கூடாது. இந்த வருசம் எந்த வூடும் எனக்குக் கட்டுப்பட்டதில்ல.”

நல்ல மனுஷர், யார் இல்லை என்றது? ஆளுகிறவர் பேசுகிற பேச்சா அது! கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். செல்லமுத்துவும் அழுதான். மறுநாள் காலையில் அவன் மலையிறங்கிப் போனான்.

சிப்பாய்களை ஓடை வழியாக அவன்தான் ஏற்றிக்கொண்டு வந்தான். சுனையில் குளித்துக்கொண்டிருந்த நாட்டாரை வளைத்துவிட்டார்கள்.

“நீயாடா?”

“நீங்கதான நாட்டாரே கட்டுப்பாடு இல்லன்னீங்க.”

நாட்டார் அவனையே பார்த்தார். “ஆமாண்டா, சொன்னேன்” என்று சொல்லி, கட்டுவதற்குக் கையை நீட்டினார். செருப்பால் அடித்திருந்தால்கூடச் செல்லமுத்துவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடிவாரப் புளியமரத்தில் கயிறு போட்டார்கள். மலைச் சனம் முழுக்க வந்து பார்க்க வேண்டும், வந்தால் உப்பு என்று தண்டோரா. வந்தார்கள். திருவிழா வழக்கத்தைச் செல்லமுத்துவிடம் கேட்டு வைத்திருந்த சிப்பாய்த் தலைவன் சுபேதாருக்கு விளையாட்டுப் புத்தி. நாட்டாரின் கழுத்தில் சுருக்கை மாட்டி, வலது கையை மட்டும் அவிழ்த்துவிட்டு, மூட்டையை அவர் முன்னால் வைத்தான்.

“ராஜா கையாலயே வாங்கிக்குங்க!”

வேண்டாம் என்று ஒருத்தன் சொல்லவில்லை. வாங்கிய இடத்திலேயே நின்று நக்கினார்கள்.

கடைசியில் செல்லமுத்து. கயிற்றை இழுக்கும் வேலையும் அவனுக்குத்தான். நாட்டார் மற்றவர்களுக்கு வைத்ததைவிடப் பெரிய பிடியாக அள்ளி அவன் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

“தைலத்துக்குப் பாலு ஊறட்டும்டா. வழக்கம் முடிஞ்சுது.”

கோபமே இல்லை அந்தக் குரலில். ஆனால் உப்பு கைக்கு வந்துவிட்டது, கட்டுப்பாடும் வந்துவிட்டது. இழுத்தால் குலம் அழியும். குலம் என்றால் வீட்டில் கிடக்கும் அந்தப் பிள்ளைதான். இழுக்காவிட்டால் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்போதும் போவது அதே பிள்ளைதான்.

“இழுடா!” என்றான் சுபேதார்.

இழுக்க இரண்டு கையும் வேண்டும். செல்லமுத்து ஒரு கல்கூடச் சிந்தாமல் உப்பை வேட்டி முனையில் முடிந்து, இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தான்.