தூத்தாலேர் என்றால் எப்போது?

கப்பலூர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சரக்கு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றபோது உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ரெமி, புது இயந்திரம் பொருத்த பிரான்ஸிலிருந்து வந்த டெக்னீஷியன். இன்னொருத்தி முத்துமீனா. கல்லூரியில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்தவள் என்பதால், அவருக்கு மொழிபெயர்க்க ஒரு மாத வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

மே மாத நண்பகல். விளக்கும் விசிறியும் அணைந்துவிட்டன. இரும்புச் சுவர் தொட்டால் சுட்டது.

"பயப்படாதம்மா, மெக்கானிக் அரை மணி நேரத்துல வந்துருவான்!" மேலிருந்து சூப்பர்வைசர் அசோக்குமார் கத்தினார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. முத்துமீனா கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து திரும்பியபோது ரெமி தரையில் சாய்ந்திருந்தார். அவருக்கு ஆஸ்துமா. மூச்சு விசிலடித்தது. மடியில் கிடந்த இன்ஹேலரைக் காட்டி, "எடுத்துக்கங்க சார்" என்று பிரெஞ்சில் சொன்னாள். அவர் திணறிச் சொன்ன பதிலில் கடைசி வார்த்தைதான் அவளுக்குப் பிடிபட்டது. "தூத்தாலேர்."

அது தெரிந்த வார்த்தைதான். தினமும் சாப்பிடப் போகும்போது 'ஆ தூத்தாலேர்' என்பார். கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம் என்று அர்த்தம். அப்படியானால் மருந்தைக் கொஞ்ச நேரம் கழித்து எடுப்பார் என்று சும்மா இருந்தாள்.

அவர் உதடு நீலம் பாரித்தது. அப்போதுதான் அதற்கு முந்தைய சொற்கள் அவளுக்கு உறைத்தன. 'ஜே ப்ரி'. எடுத்துவிட்டேன். வரப்போகும் கொஞ்ச நேரத்துக்கும் போன கொஞ்ச நேரத்துக்கும் அவர்களுக்கு ஒரே வார்த்தை. வினையைக் கேட்டால்தான் எது என்று தெரியும். மிச்சத்தை அப்பவே எடுத்துவிட்டேன் என்றிருக்கிறார். இன்ஹேலரை அழுத்திப் பார்த்தாள். காலி.

"அண்ணே, கதவ ஒடைங்க! சாருக்கு மருந்து தீந்துபோச்சு!"

"மொதலாளியக் கேக்கணும்மா..."

"கேட்டுட்டு வாரதுக்குள்ள ஆளு போயிருவாருண்ணே!"

மேலே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. ரெமி அவள் மணிக்கட்டைப் பிடித்து, எப்போது என்று கண்ணால் கேட்டார்.

"திறந்துவிடுவார்கள், தூத்தாலேர்" என்றாள் பிரெஞ்சில். அவளுக்கே நம்பிக்கையில்லை. சுவர்கள் நெருங்கி வருவதுபோல இருந்தது. எண்ணத் தொடங்கினாள். இருநூற்றுப் பத்தில் கடப்பாரை இடுக்கில் நுழைந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த இரண்டு மணி நேரத்தில் ரெமி பேசினார். மறுநாள் முதலாளி, கதவை உடைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். முத்துமீனா வாயெடுப்பதற்குள் அசோக்குமார் முன்னே வந்து நின்றார்.