வாழைமரத்துக்குப் பின்னால் நின்றவர்

எச்.டி. டிவிடி என்ற கட்சி உலகத்தில் தோற்றுப் பதினேழு வருஷத்துக்கு மேலாகிறது. கண்டியில் அதன் கடைசி உறுப்பினர் நான்.

தெளிவான படத்துக்கு ப்ளூரே தட்டா, எச்.டி. டிவிடி தட்டா என்று இரண்டும் மோதிக்கொண்டிருந்த காலத்தில், துபாயிலிருந்து கமராவும் தட்டு பதியும் மெஷினும் கொண்டுவந்து என் மாமா மகன் யுகேஷின் கல்யாணத்தைப் படம் எடுத்தேன்.

"ப்ளூரேல போடு மச்சான், அதுல எடம் கூட" என்றான்.

"எடம் எதுக்கு? நீ கல்யாணம் கட்டுறியா, காணி வாங்குறியா? தெளிவு ரெண்டும் ஒண்ணுதான், இது மலிவு."

சில மாதத்தில் அந்தத் தட்டைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். என் மெஷினும் செத்தது. குண்டசாலையில் யுகேஷ் வீட்டு அலுமாரிக்குள் போன தட்டு, என்னைக் கேலி செய்ய மட்டும் வெளியே வரும்.

யுகேஷின் மனைவி சர்மிளா மட்டும் சிரிப்பதில்லை. அவளுடைய அண்ணன் கணேஸ் அந்தக் கல்யாணம் பிடிக்காமல் கோபித்துக்கொண்டு, வராமல் தன் ஊர் கலஹாவிலேயே இருந்துவிட்டார். பேச்சுவார்த்தை திரும்புமுன் பஸ் விபத்தில் போய்ச் சேர்ந்தார். ஆனால் நான் கூடவே கொடுத்த சாதாரண டிவிடியில், மண்டபத்தின் பின்னால் வாழைமரத்தோடு ஒட்டி, சாம்பல் சட்டையில் ஓர் உருவம் நிற்கும். முகம் கரைந்த சவர்க்காரம் மாதிரி இருக்கும்.

"அது எங்கண்ணன்தான். ஒளிஞ்சி நின்னு பார்த்துட்டுப் போயிருக்காரு. ஒங்க தட்டுல மொகம் தெரியுமில்லண்ணே?" என்பாள் சர்மிளா.

"மூக்குமுடிகூடத் தெரியும்" என்று வாயை விட்டிருந்தேன்.

போன வாரம் அக்குறணையில் பழைய சாமான் கடை ஷப்ராஸ் நானாவிடம் அந்தத் தட்டை ஓட்டும் பிளேயர் ஒன்று இருப்பதாகத் தகவல். சர்மிளாவிடம் தட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

"இதக் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்" என்று தூசி தட்டிக் கடை டிவியில் மாட்டினார் நானா.

ஓடியது! மணவறைப் பூவில் உட்கார்ந்த ஈ தெரிந்தது. "ஷா!" என்றார் நானா. யுகேஷை இழுத்துவந்து உட்காரவைக்கக் கை துடித்தது. அப்போது படம் பின்பக்கம் திரும்பியது. வாழைமரம். சாம்பல் சட்டை. சாம்பல் இல்லை, பொடிக்கட்டம். தோளில் வயர்ச் சுருள். ஒலிபெருக்கி கட்ட வந்த இருளப்பன், கடலை மென்றுகொண்டு.

திருப்பி ஓட்டினேன். மறுபடியும் இருளப்பன். மறுபடியும் கடலை.

"படம் மோசமா?"

"இல்ல நானா. ரொம்ப நல்லாருக்கு."

"பொறகு ஏன் மூஞ்சி இப்பிடி?"

போன் அடித்தது. சர்மிளா. எடுக்கவில்லை. பிளேயருக்குக் காசைக் கொடுத்து, அதை அங்கேயே விட்டேன். "யாருக்கும் வித்துராதீங்க நானா."

"யாரு வாங்கப் போறா?" என்றார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகரவில்லை. என் கால் ஆடுவதைப் பக்கத்துச் சீட் அம்மா முறைத்தார். போன் மறுபடி மறுபடி அடித்தது. தெளிவு, தெளிவு என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். அது இன்றைக்கா வந்து சேர வேண்டும்?

"வாங்க, தோத்த கட்சித் தலைவரே!" என்றான் யுகேஷ். சர்மிளா டிவியைத் துடைத்து வைத்திருந்தாள்.

"ஓடிச்சாண்ணே?"

"ஓடிச்சிம்மா. முழுசா ஓடிட்டு மெஷின் படுத்திருச்சி."

"அண்ணன்?"

தட்டை அவள் கையில் கொடுத்தேன். "மொகம் புடிபடல தங்கச்சி. இதுல தெளிவு பத்தல. யுகேஷ் சொன்ன மாதிரி ப்ளூரேல போட்டிருக்கணும்."

யுகேஷ் கதிரையிலிருந்து குதித்தான். "என்னது? இன்னொருக்கா சொல்லு, போன்ல புடிக்கிறேன்!"

இன்னொருக்கா சொன்னேன். சத்தமாகவே.

சர்மிளா பழைய டிவிடியைப் போட்டாள். வாழைமரம் வந்ததும் நிறுத்தினாள்.

"இதுலயே தெரியுதுதானேண்ணே? நிக்கிற விதத்தப் பாருங்க."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சுருக்கினேன்.

கணேஸ்தான்.