ஆறு திருகாணிகள்

மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றும்போது செம்பு அஷ்ஃபாக்கின் கையிலிருந்து நழுவிப் பலகைக்கு அடியில் உருண்டது. பலகைமேல் அவனுடைய அத்தா உயிரற்றுக் கிடந்தார். மய்யித்தைக் குளிப்பாட்டுவதற்கென்று பள்ளிவாசலில் இருக்கிற மனிதர் பக்கத்தில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். அத்தாவின் தம்பி கமால் சச்சாதான் குனிந்து செம்பை எடுத்தார்.

"விடு, நான் ஊத்துறேன். நீ தலையப் புடிச்சுக்க."

"இல்ல சச்சா, நானே ஊத்துறேன்."

"காலையிலேர்ந்து ஒத்தை ஆளா நின்னு எல்லாத்தையும் செஞ்சிருக்கே. இப்படி ஒரு புள்ள கெடைக்க அண்ணன் குடுத்து வெச்சிருக்கணும்."

அஷ்ஃபாக் கற்பூரத் தண்ணீரை மொண்டு ஊற்றினான். சச்சா பேசாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. காலையிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள்.

அத்தா இனாயத்துல்லாவுக்கு அறுபத்தேழு வயது. ரங்கூன் பசுந்தாங் மார்க்கெட்டில் பொத்தானும் ஜிப்பும் விற்றவர். கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுகிற ரகம். அப்பேர்ப்பட்டவருக்குத்தான் துப்பாக்கிக் கிறுக்கு பிடித்திருந்தது. நிஜத் துப்பாக்கி இல்லை, பிளாஸ்டிக் குண்டு துப்புகிற ஏர்சாஃப்ட் பொம்மை. ஆனால் முழுக்க உலோகம். கையில் எடுத்தால் கனமும் உருவமும் அச்சு அசலாக இருக்கும். பட்டாளத்தின் பிடி தளர்ந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட வருஷங்களில், பாங்காக் போய்வருகிற சிநேகிதர்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வொன்றாக நான்கு சேர்த்தார். ஒருநாளும் சுட்டதில்லை. ஆறு திருகாணி வைத்த கண்ணாடிப் பெட்டியில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதோடு சரி.

மாசம் ஒரு தரம் பெட்டியைத் திறப்பார். கையுறை மாட்டிக்கொண்டு, சிலிக்கான் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார். உள்ளே சுருள்வில் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். செருப்புப் பெட்டிகளில் வருமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதை மார்க்கெட் முழுக்கக் கேட்டு வாங்கிவந்து மாற்றி வைப்பார். ரங்கூன் மழைக்கு அவர் பயந்த அளவுக்கு வேறு எதற்கும் பயந்ததில்லை.

"உள்ள இருக்கற ரப்பரு பத்து வருஷத்துல கல்லாப் போயிடும்டா, அப்பறம் சுடாது. ஆனா மேலுக்கு இப்படியே இருக்கும், ஒன் பேரப்புள்ள காலம் வரைக்கும். வெறுங்கையால மட்டும் தொட்டுடாதே. வேர்வை தின்னுடும்."

பட்டாளம் மறுபடி ஆட்சியைப் பிடித்த அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு சிப்பாய்கள் வீடு வீடாகப் படியேற ஆரம்பித்தார்கள். பொம்மைதான் என்று எடுத்துச் சொல்கிற அவகாசத்தை யார் கொடுக்கப்போகிறார்கள்? ஓடையில் போட்டுவிடலாம் என்று அஷ்ஃபாக் வருஷக்கணக்கில் மன்றாடினான். அத்தா ஒரே ஒரு படி இறங்கிவந்தார். கூடத்துச் சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றித் தம் படுக்கைக்கு மேலே மாட்டிக்கொண்டார்.

"பொம்மைக்குப் பயந்தவன்னு பேரு வாங்கிட்டுச் சாவச் சொல்றியா?" என்றார்.

இன்று காலை ஏழு மணிக்கு அம்மா தாமுவே பேட்டையில் மகள் உஸ்மா வீட்டில் இருந்தாள். தங்கச்சிக்குப் பேறுகாலம். அத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. "யாரையாவது கூப்புடு" என்றார். தெருக்கோடித் தொண்டு ஆம்புலன்ஸின் எண் அஷ்ஃபாக்கின் கைப்பேசியில் இருந்தது. அதைத் தேடி எடுத்தவன் தலையை நிமிர்த்தினான். அத்தாவுக்கு மேலே, சுவரில், நான்கு துப்பாக்கிகள் பளபளத்தன.

வருகிறவர்கள் இந்த அறைக்குள்தான் வருவார்கள். நாலு பேர், ஸ்ட்ரெச்சரோடு. அதில் ஒருவன் வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவன் கைப்பேசியை வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தான்.

மூன்று திருகாணிகள் உடனே வந்தன. நான்காவது இறுகிக் கிடந்தது. கட்டில்மேல், அத்தாவின் காலுக்குப் பக்கத்தில் ஏறி நின்று முழு பலத்தோடு திருகினான். அத்தா கீழேயிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி முதல் துப்பாக்கியைத் தூக்கியபோது அவர் வாய் அசைந்தது.

"வெறுங்கையால… வெறுங்கையால…"

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. நான்கையும் கைலியில் சுருட்டி அரிசி டிரம்மின் அடியில் புதைத்து, மேலே அரிசியை நிரவி, காலிப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அப்புறம்தான் அஷ்ஃபாக் போன் செய்தான். எட்டே நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். அந்த எட்டு நிமிஷத்தை அவன் மறக்கப்போவதில்லை. வந்தவர்களில் ஒருவன் அத்தாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் முன்னால கூப்பிட்டிருந்தா…" என்று பர்மியில் ஆரம்பித்து, அஷ்ஃபாக்கின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அறையில் அவனுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை.

ஒன்பதரைக்கு அம்மா வந்தாள். அழுதாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது சுவரில் பெட்டி இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. மற்றவர்கள் கூடத்துக்குப் போகும்வரை காத்திருந்தாள்.

"எப்ப எடுத்தே?"

"அப்பறம். எல்லாம் முடிஞ்சப்பறம்."

கட்டில் விரிப்பில், அத்தாவின் காலடியில், அஷ்ஃபாக்கின் காற்சுவடு அழுக்காகப் பதிந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு காலடியில் மடித்துக் கிடந்த போர்வையைப் பார்த்தாள். அவள் குரலை உயர்த்திப் பேசுகிறவள் இல்லை.

"பெட்டிய இதப் போட்டு மூடியிருக்கலாமேடா," என்றாள்.

போர்வை. மூன்று நொடி வேலை. அது அவனுக்குத் தோன்றவே இல்லை. அத்தா செத்துக்கிடக்கிற அறையில் அவனுக்குத் துக்கத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது.

அம்மா விரிப்பை உருவிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"கடைசி மூச்சுல கலிமா சொன்னாரா? வாயில தண்ணி ஊத்தினியா?"

"ஊத்துனேன்மா. கலிமா சொன்னாரு."

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய், வந்திருந்த பெண்களிடம், "கலிமா சொல்லிட்டே போனாராம். புள்ள கையால தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்காரு," என்று சொன்னாள். நம்பித்தான் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

குளிப்பாட்டி முடித்து வெள்ளைத் துணியால் சுற்றிக் கஃபனிட்டார்கள். மதியத்து லுஹர் தொழுகை முடிந்ததும் மய்யித்தை வைத்த சந்தூக்கை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மகன் எழுந்து, இறந்தவரை மன்னிக்கச் சொல்லிக் கூடியிருக்கிற ஜமாஅத்திடம் மாப்புக் கேட்கவேண்டும். இமாம் தலையசைத்தார். அஷ்ஃபாக் சந்தூக்குக்கு முதுகு காட்டி, ஜனங்களைப் பார்த்து நின்றான்.

"எங்க அத்தா இனாயத்துல்லா… யாரு மனசையாவது நோவடிச்சிருந்தா, தெரிஞ்சோ தெரியாமலோ தப்பாப் பேசியிருந்தா, அல்லாவுக்காக மாப்பு செஞ்சிருங்க."

"மாப்பு செஞ்சோம், மாப்பு செஞ்சோம்," என்று பள்ளி முழுவதும் குரல் எழுந்தது. பொத்தான் கடைக்காரர் யாரையும் நோகடித்ததில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பின்வரிசையில் இரண்டு பேர் வாய்விட்டு அழுதார்கள்.

அவ்வளவுதான் அவன் வேலை. இனித் திரும்பி முதல் வரிசையில் நிற்கவேண்டும். ஆனால் அவன் மாப்புக் கேட்கவேண்டியவர் இந்தக் கூட்டத்தில் இல்லை, முதுகுக்குப் பின்னால் கிடந்தார். அஷ்ஃபாக் திரும்பாமல் நின்றான். இமாம் தொண்டையைச் செருமினார். யாரோ மின்விசிறியைப் போட்டார்கள், கரண்ட் இல்லாததால் அது சுழலவில்லை.

கமால் சச்சா வரிசையை விட்டு வந்தார். அவனை இரண்டு தோளிலும் பிடித்து மெல்லத் திருப்பி நிறுத்தினார். பக்கத்தில் நின்றுகொண்டு, தொழுகை வரிசை பிசகாதபடி தம் கால்விரலோடு அவன் கால்விரல் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.