குடியிருந்த வீடே முதல் போணி

மாதச் சம்பளத்தை உதறிவிட்டு முழுநேர வீட்டுத் தரகராக இறங்கிய மனுஷனுக்கு முதல் போணி எது தெரியுமா? அவர் வாடகைக்குக் குடியிருந்த வீடேதான்! வீட்டு உரிமையாளர் போனில் கூப்பிட்டு, நீங்கள்தான் இப்போது ரியல் எஸ்டேட்டில் இருக்கிறீர்களே, வெளி ஆள் எதற்கு, நீங்களே விற்றுக் கொடுத்துவிடுங்கள் என்றுவிட்டார். மாட்டேன் என்றால் இன்னொரு தரகர் வந்து விற்றுவிட்டுப் போவார். அப்புறம் என்ன செய்வது?

அதற்கு முன்பு அவர் ஓர் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். எதையும் பூட்டாமல் நகரமாட்டார் என்பதால் அங்கே அவருக்குப் பூட்டு என்றே பெயர். வேலையை விட்டதிலிருந்து மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. சம்பளம் போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. வாய்கூசாமல் பொய் சொல்லிப் பிழைக்கிற தொழிலில் போய் விழுந்தாரே என்பதுதான் ஆற்றாமை. இப்போது இருக்கிற வீட்டையும் விற்கப்போகிறார் என்றால் கேட்க வேண்டுமா! வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

வீடு பார்க்க ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் தன் மகனோடு வந்தார். பூட்டு ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு வந்தார். அடுப்படியை நெருங்கியதும் நடையைக் குறைத்தார். உள்ளே மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை விட்டால் போதும், வந்தவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள். புதுத்தொழில் முதல் வீட்டிலேயே மண்ணைக் கவ்வும்.

நர்ஸ் அம்மா நேராக அவளிடமே கேட்டுவிட்டார், இங்கே இருப்பதற்கு வசதி எப்படி என்று.

அவள் குழாயை மூடினாள்.

"மழை பெய்தா பின்னறை ஒழுகும். அதை உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

"வாசல்லயே சொல்லிட்டாரேம்மா," என்றார் நர்ஸ் அம்மா. "முதல்ல அந்த அறையைத்தான் காட்டினாரு. அதைப் பாத்துட்டு வேணும்னா மத்ததைப் பாருங்கன்னாரு."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, காலையில் வெளிச்சம் எதுவரை வரும், தண்ணீர் எப்படி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படி என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். பூட்டுக்கு வாய் திறக்க வேலையே இல்லை.

வீடு பிடித்திருக்கிறது, பேசி முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், மனைவி எதிரிலேயே நின்றாள்.

"எனக்கும் ஒரு வீடு பாருங்க," என்றாள். "ஒழுகாததா."

அவருக்கு அப்பாடா என்றிருந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, அடுப்படி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டார். அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.