கிரீடத் தகடு

நான்காவது தடவையாக அந்தத் தையற்காரர் வீட்டுப் படியேறினேன். பிரிட்ஜ் நன்றாக ஓடியது. அதுதான் எரிச்சல்.

கதவு துருப்பிடித்து மூடவில்லை என்று புகார். கம்பெனி புதுக் கதவே கொடுத்தது. மாட்டினேன். பழைய கதவில் எஃகில் ஒரு தகடு இருந்தது, கம்பெனியின் கிரீடச் சின்னம். இப்போது சின்னத்தை மாற்றிவிட்டார்கள். புதுக் கதவில் பச்சையாக ஓர் இலை.

வேலை முடிந்தால் வாடிக்கையாளரின் போனுக்கு நான்கு இலக்க நம்பர் வரும். அதை அவர் சொன்னால்தான் புகார் தீரும். இன்று மாதக் கடைசி. மாலை ஆறு மணிக்கு என் பெயரில் ஒரு புகாரும் பாக்கியில்லை என்றால் நாளை முதல் நான் நிரந்தரம். ஏழு வருடக் காத்திருப்பு.

"குளிர் வருதா சார்?"

"வருது."

"கதவு மூடுதா?"

"மூடுது."

"அப்ப நம்பரைச் சொல்லுங்க."

"இது என் பிரிட்ஜ் இல்லை தம்பி. என்னோடதுல கிரீடம் இருந்துச்சு."

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னாள்: "கட்டிக்கிட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். என் மூஞ்சியை நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தத் தகட்டைத் தினம் துடைப்பார்."

"நீ சும்மா இரு. கடை போட்டு முதல்ல வாங்கின சாமான். வர்றவங்க அதைப் பார்த்துட்டுதான் உட்காருவாங்க."

"இனிமே இலையைப் பார்க்கட்டும்."

"இலையை ஆடு பார்க்கும்."

பழைய கதவைக் கேட்டார். விதிப்படி அன்றே நசுக்கிவிட்டார்கள் என்றேன்.

"நசுக்கிட்டீங்களா?"

அவர் குரல் உடைந்தது. ஒரு தகட்டுக்கு.

என் வீட்டுக்குப் போனேன். எங்களிடமும் அதே கம்பெனி பிரிட்ஜ்தான், ஊழியர் சலுகையில் வாங்கியது. மனைவி பள்ளி அலுவலகத்தில் எழுத்தர், நாலரைக்குத்தான் வருவாள். நைலான் நூலைத் தகட்டுக்குப் பின்னால் விட்டுப் பசையை அறுத்தேன். கிரீடம் கையோடு வந்தது. கதவில் சாம்பல் நிறப் பசைத் தழும்பு நின்றது.

திரும்பி வந்து இலையின் மேல் ஒட்டினேன். தையற்காரர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தார்.

"இடது பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு."

பிரித்தேன். மறுபடி ஒட்டினேன். அவர் சட்டை நுனியால் துடைத்துவிட்டு நம்பரைச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நான் பையை மூடினேன்.

ஐந்து மணிக்கு வீடு. மனைவி பிரிட்ஜ் முன்னால் நின்றிருந்தாள்.

"இது என்ன?"

சொன்னேன்.

"ஊரான் பிரிட்ஜுக்குக் கிரீடம். நம்ம பிரிட்ஜுக்குத் தழும்பா?"

"குளிர் வருதுல்ல?"

"சமையலறைக்குள்ள வந்தா முதல்ல அதுதான் கண்ணுல படும். இப்ப மொட்டைத் தலை மாதிரி நிக்குது. யாரைக் கேட்டுப் பிடுங்கினீங்க?"

"வெறும் தகடும்மா. நாளைக்கு நான் நிரந்தரம்."

போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான் முகம் கழுவினேன்.

ஐந்தே முக்காலுக்கு என் போன் ஒலித்தது. புதுப் புகார். பெயர்த் தகடு காணவில்லை. முகவரியைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். கீழே, அனுப்பப்படும் ஊழியர்: நான்.

அறைக் கதவைத் தட்டினேன்.

"அந்த நாலு நம்பரை மட்டும் சொல்லிடும்மா."

"கிரீடம் எங்கே?" என்றாள் உள்ளேயிருந்து.