கிணற்றை மூடிய வலை

மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த பழைய லயம் அது. ஆள் குடியில்லை. அதன் பின்னால், மரத்துக்கு மரம் சிலந்திகள் கூட்டமாகக் கட்டிய வலை தொங்கியது. ஒரு வீட்டுக் கூரை அளவு இருக்கும். ஒரு நூலைத் தொட்டால் மொத்தமும் நடுங்கும். ஆயிரம் சிலந்திகளும் ஒன்றாக ஓடி, ஒன்றாக நிற்கும். மறுநடவுக்கு அதை அழிக்கச் சொல்லி தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தனபாலன் அனுப்பிய ஆட்கள், உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று திரும்பிவிட்டார்கள்.

தோட்டத்தில் மருந்தடிக்கும் நவமணி தனியாகப் போனாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் கணவன் சேது மோட்டார் சைக்கிளோடு காணாமல் போனான். செரண்டா டவுனில் தொழிற்சாலை வேலை பார்க்கும் தனுஜாவோடு ஓடிவிட்டான் என்றே எல்லோரும் நம்பினார்கள். நவமணியும் தனுஜா வீட்டு வாசலில் நின்று ஏசிவிட்டு வந்தாள். கதவு திறக்கவில்லை.

கம்பால் வலையை விலக்கினாள். துணி கிழிவது போலச் சத்தம் கேட்டது. சிலந்திகள் விலகிய இடத்தில் தரையே இல்லை. சுவர் இடிந்த பழைய கிணறு. வெயில் காலத்தில் நீர் வற்றியிருந்தது. அடியில் ஒரு மோட்டார் சைக்கிள். கைப்பிடியில் அவளே கட்டிவிட்ட சிவப்புத் துணி, நிறம் மங்கி.

தீயணைப்புப் படையின் போம்பாக்காரர்கள் வந்து வண்டியை எடுத்தார்கள். பிறகு எலும்புகளை.

நவமணிக்கு அழுகை வரவில்லை. மூன்று வருஷமாகத் திட்டிய வார்த்தைகள்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தன. பதினாறாம் நாள் கழிந்ததும் செரண்டாவுக்குப் போனாள். இம்முறை தனுஜா கதவைத் திறந்தாள்.

“ஒன்னைய தப்பா பேசிட்டேன். அவரு இங்க வரவேயில்ல,” என்றாள் நவமணி.

தனுஜா வாசலுக்கு வெளியே வந்தாள்.

“வரேன்னுதான் கெளம்புனாருக்கா. லயத்துப் பின்வழியா வந்தா யாரும் பாக்க மாட்டாங்கன்னாரு. நீங்க வந்து கத்துனப்பதான், ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போய்ட்டாருன்னு நெனச்சேன்.”

நவமணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊர் சொன்னது உண்மை. அவன் செத்ததும் உண்மை. எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை. தனுஜா சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். சாம்பலை எங்கே கரைத்தீர்கள் என்று, கேட்கத் தயங்கிக் கேட்டாள்.

ஆறு கடலில் சேருமிடத்தில் என்றாள் நவமணி. எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கெழம லீவுதான? வா. எடத்தக் காட்டுறேன்.”